எப்போலேருந்து இருக்கு? நோயைச் சொல்வது பற்றிச் சில குறிப்புகள்

போன மார்கழிக் கடைசியில் அம்மாவைச் சேத்தியாத்தோப்பில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மூச்சு வாங்குது, ராத்திரியில் இருமல், படுத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். டாக்டர் முதலில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"எப்போலேருந்தும்மா இருக்கு?"

"அது இருக்கு சார், ரொம்ப நாளா."

"ரொம்ப நாள்னா? ஒரு மாசமா, ஒரு வருஷமா?"

"பெரியவன் கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துது. நடுவுல இல்ல. அப்புறம் திரும்ப வந்துடுச்சு."

தினமும் வருகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது, என்ன செய்தால் கூடுகிறது என்று அவர் பொறுமையாகவே கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். ஒரே வீட்டில் இருக்கிறோம், ராத்திரி அந்த இருமல் சத்தத்தில் நானும்தான் எழுந்திருக்கிறேன். ஆனால் ஒரு கேள்விக்குக்கூட எனக்கும் பதில் தெரியவில்லை. அவர் ஒரு இன்ஹேலர் எழுதிக்கொடுத்து, பீக் ஃப்ளோ மீட்டர் என்ற ஒரு சின்னக் குழாயும் வாங்கச் சொன்னார். "ஒரு நோட்டு போட்டு எழுதிட்டு வாங்க, ரெண்டு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இதே அம்மா, நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாரிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தால், தன் மூச்சிரைப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசுவாள். பேசுவது அவள் மட்டும் இல்லை. எங்கள் ஊர் வளையமாதேவியில் உடம்பைப் பற்றிய பேச்சு நடக்கிற இடமே அந்த மரத்தடிதான். யாருக்கு முட்டி வலி, யாருக்குச் சர்க்கரை, யார் மருமகளுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள், எந்த ஊர் வைத்தியர் என்ன கொடுத்தார் எல்லாம் அங்கே வரும். அத்தனை அனுபவம் புழங்குகிற இடத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுந்தவளுக்கு, டாக்டர் கேட்ட நாலு கேள்விக்குப் பதில் இல்லை. அப்படியென்றால் அங்கே இத்தனை நாளாகப் பேசப்பட்டது என்ன? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து போய்ப் படித்ததையும், வீட்டில் செய்து பார்த்ததையும்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்த மரத்தடிப் பேச்சைக் குறைவாகச் சொல்லிவிடக் கூடாது. அதனால் நடந்த நல்லது எனக்கே தெரியும். மார்பில் கட்டி வந்ததை ஆறு மாசமாக யாரிடமும் சொல்லாமல் இருந்த ஒருத்தர், தன் கட்டியை எடுத்துவிட்டு வந்த இன்னொருத்தர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். எத்தனை விளம்பரம் வைத்தாலும் அது நடந்திருக்காது. தனக்கு நடந்ததைச் சொல்கிற ஒரு ஆள், அதுவும் நமக்குத் தெரிந்த ஆள், எதிரே உயிரோடு உட்கார்ந்திருப்பதற்கு ஒரு பலம் உண்டு.

அந்தப் பலமே ஆபத்தும்கூட. எங்கள் தெருவில் ஒரு அத்தை, அம்மாவுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். சின்ன மாத்திரை, விலையும் ரொம்பக் குறைவு. "ஒண்ணே ஒண்ணு போட்டேன் அண்ணி. ராத்திரி பூரா தூக்கம். மூச்சு வாங்கல. முட்டி வலியும் போச்சு. பசி எடுத்துச் சாப்புடுறேன், உடம்புகூட கொஞ்சம் ஊறியிருக்கு பாருங்க" என்றார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு.

அத்தை ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. மூச்சுக்குழலின் உள்வீக்கத்தை ஸ்டீராய்டு வற்றவைக்கும், அது உண்மை. ஆஸ்துமா முற்றிப்போய் வருகிறவர்களுக்கு டாக்டர்களே சில நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறார்கள். முட்டி வலி குறைந்ததும் உண்மை, பசி எடுத்ததும் உண்மை. உடம்பு ஊறினதாக அவர் சொன்னது மட்டும் முகத்தில் ஏறிய வீக்கம். இதையே மாசக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு தேயும். உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டு நின்றுபோயிருப்பதால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. இன்ஹேலரிலும் பெரும்பாலும் ஸ்டீராய்டுதான் இருக்கிறது. ஆனால் அது மைக்ரோகிராம் கணக்கில், வேண்டிய இடத்துக்கு மட்டும் போகிறது. இன்ஹேலர் என்றால் பயந்து, மாத்திரையைப் பயமில்லாமல் விழுங்குகிறோம். இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்று மரத்தடியில் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் யாருடைய அனுபவமும் அப்படி இல்லை.

உண்மையான அனுபவம் எப்படித் தப்பான முடிவைத் தருகிறது? எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். ஆஸ்துமா ஏறி இறங்குகிற நோய். நாம் மருந்து தேடி ஓடுவது அது உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்தில் இருப்பது எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அன்றைக்குக் குடித்தது ஆடாதொடைக் கஷாயமாக இருந்தாலும் சரி, வெறும் சுக்குத் தண்ணியாக இருந்தாலும் சரி, பெயர் அதற்குத்தான் போகும். இன்னொன்று, மரத்தடிக்கு யார் வருகிறார்கள் என்பது. வேலைக்கு வர முடிந்தவர்கள்தான் அங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள். அதே மாத்திரையால் சர்க்கரை ஏறிக் காலில் புண்ணோடு படுத்திருப்பவர் வீட்டில் இருக்கிறார், அவர் கதை மரத்தடிக்கு வராது. பிறகு நினைவு. நோய் வந்த நாள் மனசில் நிற்கும், வராத நாள் நிற்காது. முருங்கைக்கீரை தின்ற அன்றைக்கு ராத்திரி இருமல் வந்தால் முருங்கைக்கீரை ஆகாது என்று ஆகிவிடும். தின்றும் வராத இருபது நாளை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்?

இதே பிரச்சினையை நோயாளிகள் சேர்ந்து ஜெயித்த ஒரு கதை உண்டு. நடந்தது வேறு நாட்டில், ஆனால் சொல்லியாக வேண்டும். ஏ.எல்.எஸ். என்று ஒரு நரம்பு நோய். தசைகளை இயக்குகிற நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். கை, கால், பேச்சு, கடைசியில் மூச்சு. 2008-ல் இத்தாலியில் ஒரு ஆய்வு வந்தது. மனநோய்க்குக் கொடுக்கிற பழைய மருந்தான லித்தியத்தை 16 பேருக்குக் கொடுத்தார்கள், கொடுக்காதவர்கள் 28 பேர். 15 மாதத்தில் லித்தியம் எடுத்தவர்களில் ஒருவரும் சாகவில்லை. மற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்தார்கள். இதைப் படித்த ஒரு ஏ.எல்.எஸ். நோயாளி பொறுமையாக உட்கார்ந்திருப்பாரா? பல நாடுகளில் டாக்டரிடம் கேட்டு வாங்கி விழுங்க ஆரம்பித்தார்கள்.

இதுவரை நடந்தது நம் மரத்தடியில் நடப்பதுதான். வித்தியாசம் அதற்குப் பிறகு வந்தது. 'பேஷண்ட்ஸ்லைக்மீ' என்று அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய ஒரு அமைப்பு இருந்தது. ஏ.எல்.எஸ். வந்த தங்கள் சகோதரனுக்காக ஹேவுட் சகோதரர்கள் ஒரு நண்பரோடு சேர்ந்து தொடங்கியது. அதில் இருந்த நோயாளிகள், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து, மாசா மாசம் கை எப்படி, நடை எப்படி, பேச்சு எப்படி என்று மதிப்பெண் போட்டு எழுதிவைத்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் 149 பேர். ஒவ்வொருவருக்கும், மருந்துக்கு முன்னால் அதே வேகத்தில் நோய் முற்றிக்கொண்டிருந்த, லித்தியம் எடுக்காத நோயாளிகளைத் தேடிப் பொருத்திப் பார்த்தார்கள். 2011-ல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் முடிவு வந்தது. லித்தியத்தால் நோய் ஒரு துளியும் தாமதப்படவில்லை. மருத்துவமனைகளில் முறைப்படி நடந்த ஆய்வுகளும் அதையே சொல்லின.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த 149 பேரைத்தான். பிழைப்போம் என்று நம்பி மருந்து எடுத்தவர்கள், அந்த நம்பிக்கைக்கு எதிரான ஆதாரத்தைத் தங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 'எனக்குக் கேட்டுச்சு' என்று சொல்வதற்கும் 'எனக்கு நடந்தது இது, தேதி இது, அளவு இது' என்று சொல்வதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு தைரியம் வேண்டும். நாம் நினைப்பது தப்பு என்று வந்துவிட்டாலும் வரட்டும் என்கிற தைரியம்.

சரி, அது படித்தவர்கள், கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் என்று சொல்லலாம். அதனால் இனி எங்கள் மாவட்டத்துக்கே வருகிறேன். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கடலூர். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில், உப்பனாற்றின் ஓரமாக, 1980-களில் வந்தது சிப்காட் தொழிற்பேட்டை. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, பெயின்ட் என்று ரசாயன ஆலைகள். நடுவிலும் ஓரத்திலும் ஊர்கள்: குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம். அங்கே இருந்தவர்களுக்கு வருஷக்கணக்காக ஒரே புகார். நாற்றம் தாங்கவில்லை, கண் எரிகிறது, தலை வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது.

புகார் கொடுத்தால் என்ன ஆகும்? ராத்திரி பதினோரு மணிக்கு நாற்றம் வரும். காலையில் தகவல் போகும். ஆள் வந்து பார்க்கும்போது மத்தியானம். அப்போது காற்று திரும்பியிருக்கும், ஒரு வாசனையும் இருக்காது. "எங்கே, ஒண்ணும் இல்லையே?" அதோடு முடிந்தது. இதில் ஒரு ரசாயன விஷயமும் இருக்கிறது. அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடை நம் மூக்கு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழேயே கண்டுபிடித்துவிடும். ஆனால் அது நூறு பங்கு அளவுக்கு ஏறினால், சில நிமிஷத்தில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும், வாயு அங்கேயேதான் இருக்கும். அதனால் 'இப்ப வாசனை இல்லை' என்பது பல நேரம் எதற்கும் ஆதாரம் கிடையாது.

2003-ல் சுற்றுச்சூழல், மனித உரிமைகளுக்கான இந்திய மக்கள் தீர்ப்பாயம், ஓய்வுபெற்ற நீதிபதி ஜே.கனகராஜை வைத்து அங்கே விசாரணை நடத்தி ஒரு அறிக்கை கொடுத்தது. ஊர்க்காரர்கள் தங்களுக்கு நேர்ந்ததை வாக்குமூலமாகச் சொன்னார்கள். அடுத்த வருஷம், 2004-ல், அந்த ஊர்க்காரர்களில் சிலர் பயிற்சி எடுத்துக்கொண்டு சிப்காட் பகுதி சமூக சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். நித்யானந்த் ஜெயராமன், ஸ்வேதா நாராயண் போன்றவர்கள் கூட நின்றார்கள். அவர்கள் செய்த முதல் வேலை நோட்டு போட்டதுதான். என்ன வாசனை, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து, எந்த இடத்தில் நின்றபோது, உடம்புக்கு என்ன செய்தது. வாசனையை எழுதுவதற்கு ரசாயனம் படித்திருக்க வேண்டியதில்லை. அழுகின முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடைத் தேடலாம். அழுகின முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டன் வகை. நெயில் பாலிஷ் என்றால் அசிட்டோன் மாதிரி கரைப்பான்கள். மூக்கு சொல்வதை மூக்குக்குத் தெரிந்த வார்த்தையில் எழுதினால் போதும், மிச்சத்தை வேதியியலாளர் பார்த்துக்கொள்வார்.

இரண்டாவது வேலைக்கு ஒரு வாளி உதவியது. நிஜமாகவே பிளாஸ்டிக் வாளிதான். உள்ளே காற்று ஊடுருவாத ஒரு பை. வாளிக்குள் இருக்கிற காற்றை வெளியே இழுத்தால் பை விரிந்து வெளிக்காற்றை உள்ளே வாங்கிக்கொள்ளும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். 1995-ல் கலிபோர்னியாவில் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் புகையால் பாதிக்கப்பட்ட எட்வர்ட் மேஸ்ரி என்ற வக்கீலின் ஏற்பாட்டில் உருவான கருவி இது. குறைந்த விலையில், சாதாரண ஆள் கையாளும்படி செய்தார்கள். கடலூரில் எடுத்த மாதிரிகளில் 22 நச்சு ரசாயனங்கள் இருந்ததாக 2004 செப்டம்பரில் அறிக்கை வந்தது. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை.

வாளியைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள், படம் எடுக்க வசதியான பொருள். எனக்கு அந்த நோட்டுதான் பெரிதாகத் தெரிகிறது. வாளியை எப்போது, எங்கே திறப்பது என்று சொன்னது நோட்டு. மாசக்கணக்காகத் தங்கள் மூக்கையும் கண்ணையும் தொண்டையையும் கவனித்து எழுதியவர்களுக்குத்தான், எந்த நேரத்தில் எந்தத் திருப்பத்தில் நின்றால் பிடிக்கலாம் என்று தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் இப்படிப்பட்ட பல வாயுக்களுக்கு, வெளிக்காற்றில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று நம் நாட்டில் வரம்பே கிடையாது. பென்சீன் தேசியக் காற்றுத் தர அளவுகளுக்குள் வந்தது 2009-ல்தான். வரம்பு இல்லாத இடத்தில் மீறலும் இல்லை. கண் எரிந்தவர்கள் மட்டும் இருந்தார்கள்.

பிற்பாடு நீரி நிறுவனத்தின் ஆய்வும் வந்தது. சிப்காட் பக்கத்து மக்களுக்குப் புற்றுநோய் அபாயம் 2000 மடங்கு என்று செய்தித்தாள்களில் தலைப்பு. இந்த மாதிரி எண்ணைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். இவ்வகைக் கணக்குகள் நோயாளிகளை எண்ணிப் போடுவதில்லை. காற்றில் இருக்கிற அளவை வைத்து, ஆயுள் முழுக்கச் சுவாசித்தால் என்ன அபாயம் என்று கணிப்பவை. வழக்கமாக 'பத்து லட்சத்தில் ஒருவர்' என்பதுதான் பொறுத்துக்கொள்ளக்கூடிய அபாயமாக வைக்கப்படும். அப்படிப் பார்த்தால் 2000 மடங்கு என்பது ஆயிரத்தில் இரண்டு பேர். அது சின்ன விஷயம் இல்லை, ஒரு ஊருக்குச் சில குடும்பங்கள். ஆனால் தலைப்பைப் படித்தவர்கள் 'அங்கே எல்லாருக்கும் கேன்சர்' என்று எடுத்துக்கொண்டால் அதுவும் தப்பு.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். வளையமாதேவி என்றால் இப்போது பலருக்கு ஞாபகம் வருவது 2023 ஜூலை. என்.எல்.சி.யின் இரண்டாவது சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வேலைக்கு, நின்ற நெல்லுக்குள் மண்வெட்டி எந்திரங்கள் இறங்கிய படம் எல்லா டிவியிலும் வந்தது. அந்தக் கதையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அடுத்த மாதமே வந்த இன்னொன்று அவ்வளவு பேசப்படவில்லை. பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து நெய்வேலி, பரங்கிப்பேட்டைப் பக்கத்து ஊர்களில் தண்ணீரும் மண்ணும் எடுத்துச் சோதித்தார்கள், 101 வீடுகளில் உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். வடக்கு வெள்ளூரில் எடுத்த தண்ணீரில் பாதரசம் அனுமதித்த அளவைப்போல 115 மடங்கு என்று அறிக்கை சொன்னது. கேட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றில் சிறுநீரகம், தோல், மூச்சு இவற்றில் ஏதோ ஒரு நோய். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது.

தண்ணீர்ச் சோதனை ஒரு எண்ணைத் தருகிறது, அதைத் திரும்பச் சோதித்துப் பார்க்கலாம். வீடு வீடாகக் கேட்டது வேறு வகை. இதே கேள்வியை எதுவும் இல்லாத தூரத்து ஊர் ஒன்றில் கேட்டால் எத்தனை வீட்டில் 'ஆமாம்' வரும் என்பது தெரிந்தால்தான் அதன் எடை தெரியும். அரிப்பும் இருமலும் இல்லாத ஊர் எது? அதற்காகக் கேட்பதே வீண் என்று சொல்லவில்லை. எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டுவது இந்தப் பதில்கள்தான். ஆனால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டால், நாளைக்கு எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தள்ளிவிட்டுப் போய்விடும்.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் தை மாசம் வீட்டில் நோட்டு போட்டேன். நாற்பது பக்க நோட்டு. தேதி, காலை மாலை பீக் ஃப்ளோ எண், ராத்திரி எழுந்தாளா, எத்தனை மணிக்கு, அன்றைக்கு எங்கே என்ன வேலை, அடுப்பு எது, காற்று எந்தப் பக்கம். குழாயில் மூன்று முறை ஊதி, அதிகமாக வந்த எண்ணை எழுத வேண்டும். தன்னுடைய நல்ல நாள் எண்ணில் எண்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால் பரவாயில்லை, பாதிக்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு நல்ல நாளில் 280 வந்தது. அவள் கைநாட்டு இல்லை, ஐந்தாவது படித்தவள். ஒரு வாரத்தில் அவளே எழுத ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்த்துவிட்டு மரத்தடியில் இன்னும் நாலு பேர் கேட்டார்கள். குழாய் ஒன்றுதான், ஊதுகுழலை மட்டும் ஆளுக்கொன்று வாங்கினோம்.

அங்கேதான் நான் யோசிக்காத ஒரு சிக்கல் வந்தது. பெயர் எழுத வேண்டாம் என்று 'மூணு பொண்ணு இருக்கிற வீடு', 'மெத்தை வீடு' என்று எழுதிவைத்திருந்தேன். ஒரு அக்கா புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இதுக்கு நீ பேரையே எழுதியிருக்கலாம்." ஊரில் மூன்று பெண் இருக்கிற வீடு எது என்று யாருக்குத் தெரியாது? பிறகு தனியாக வந்து மெதுவாகச் சொன்னார், "பொண்ணுக்குப் பாத்துக்கிட்டிருக்கோம். அம்மாவுக்கு இழுப்புன்னு தெரிஞ்சா சம்பந்தம் தட்டிப்போயிடும். பரம்பரைம்பாங்க." அந்தப் பக்கத்தை அவர் கண் முன்னாலேயே கிழித்துக் கொடுத்தேன். அதன்பிறகு ஒவ்வொருவர் நோட்டும் அவரவர் வீட்டில். எனக்கு எண்ணை மட்டும் சொல்வார்கள்.

நோயைச் சொல்வதற்கு விலை உண்டு, அந்த விலை எல்லாருக்கும் ஒன்றில்லை. இழுப்புக்கே இப்படி என்றால், நாமக்கல்லைச் சேர்ந்த பி.கௌசல்யா 1990-களில் தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னது என்ன விலை கொடுத்து என்று நினைத்துப் பார்க்கிறேன். கணவர் வழியாக வந்த நோய். 1998-ல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்றே ஒரு அமைப்பை, பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கை, சில பெண்களோடு சேர்ந்து தொடங்கினார். இப்படிப்பட்ட பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும்போது முன்னால் வருவது மாத்திரை மட்டும் இல்லை. புருஷன் செத்தபிறகு மாமியார் வீட்டில் சொத்து இல்லை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை, பிரசவம் பார்க்க மறுத்தார்கள். ஒரு டாக்டர் தன் மேஜையிலிருந்து பார்த்தால் தெரியாத நோய் இது. ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டமானது 2017-ல், அமலுக்கு வந்தது 2018 செப்டம்பரில். அவர் வெளியே சொல்லி இருபது வருஷம் கழித்து. முன்னால் சொன்னவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அதனால், எல்லாரும் வெளியே வந்து சொல்லுங்கள் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு இப்போது கொஞ்சம் கோபம் வருகிறது. யாரிடம், எதை, எந்த அளவுக்கு என்பது சொல்கிறவர் கையில் இருக்க வேண்டும்.

இனி அம்மாவின் நோட்டு. 61 நாள் எழுதினாள். அதில் ராத்திரி எழுந்து உட்கார்ந்த நாள் 19. ஊரில் எந்த நோய்க்கும் ஒரே காரணம்தான் சொல்லுவோம், காத்து கெட்டுப்போச்சு, தண்ணி கெட்டுப்போச்சு. நானும் அதையே எதிர்பார்த்துத்தான் காற்றுக்கு ஒரு கட்டம் போட்டிருந்தேன், மறைக்கவில்லை. பத்தொன்பதில் பதினான்கு ராத்திரி, அன்று பகலில் அவள் நெல் அவித்திருக்கிறாள், அல்லது களத்தில் கருக்கா தூற்றியிருக்கிறாள், அல்லது பின்கட்டில் வேலிக்காத்தான் விறகு வைத்து வெந்நீர் போட்டிருக்கிறாள். சம்பா அறுப்பு முடிந்த நேரம், வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் அவிக்கிற வேலை இன்னும் எங்கள் வீட்டில் உண்டு. அந்த மூன்றும் இல்லாத நாட்களில் எண் 270-க்குக் கீழே அநேகமாக இறங்கவில்லை. அவித்த நாளின் மறுநாள் காலையில் 190, 200.

இத்தனை வருஷம் இது ஏன் அவளுக்குத் தெரியவில்லை? தூசியோ புகையோ பட்ட உடனே வருவது ஒரு இரைப்பு. அது சில பேருக்கு லேசாக வந்து போய்விடும். நாலிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து, மூச்சுக்குழலில் வீக்கம் சேர்ந்து வருகிற இரண்டாவது அலை ஒன்று உண்டு. பகல் மூன்று மணிக்குத் தூற்றினால் ராத்திரி பத்துக்கு மேல். அதற்குள் அவள் குளித்து, சமைத்து, படுத்திருப்பாள். ராத்திரி வந்ததால் பனி என்றோ, சாப்பிட்ட தயிர் என்றோதான் தோன்றும். எழுதி வைக்காமல் இந்த முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாது.

காற்றுக் கட்டத்தில் என்ன வந்தது? அங்கேதான் நான் ஏமாந்தேன். தையிலும் மாசியிலும் எங்கள் பக்கத்தில் காற்று பெரும்பாலும் வாடையும் கொண்டலுமாகவே இருக்கிறது. 61 நாளில் 50 நாளுக்கு மேல் ஒரே பக்கம். காற்றே திரும்பாதபோது, காற்றுத் திரும்பினால் என்ன ஆகும் என்று எப்படிச் சொல்வது? வெளிக்காற்று குற்றவாளி இல்லை என்று இந்த நோட்டு சொல்லவில்லை. அதைப் பற்றி இது ஒன்றுமே சொல்லவில்லை. நோட்டு எழுதிய மற்ற நாலு பேரில் இரண்டு பேருக்கு நெல் வேலையோடு எந்தத் தொடர்பும் தெரியவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன், எங்கள் வீட்டு விடையை யாரும் தங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது.

பங்குனியில் திரும்ப டாக்டரிடம் போனோம். அம்மா நோட்டை என்னிடம் கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தாள். அவர் கேட்டதும் பக்கத்தைப் பிரித்து, "தை ஒம்பதாந்தேதி ராத்திரி ரெண்டு மணிக்கு சார், அன்னிக்கு மூணு மரக்கா அவிச்சேன்" என்று ஆரம்பித்தாள். அவர் பத்து நிமிஷம் புரட்டினார். இன்ஹேலரைத் தினமும் எடுக்கச் சொல்லி அளவை மாற்றினார். நெல் அவிக்கிறதை நிறுத்த முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள். முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, அடுப்பைக் கூரைக்கு வெளியே மாற்றி, தூற்றுகிற வேலையை மட்டும் வேறு ஆளிடம் விடுவதாக ஒப்பந்தம் ஆனது. மாத்திரை கொடுத்த அத்தையையும் அன்றே கூட்டிப்போயிருந்தோம். திடீரென்று நிறுத்தக் கூடாது என்று சொல்லி, எப்படி அளவைக் குறைத்துக்கொண்டே வருவது என்று அவருக்குத் தனியாக எழுதிக்கொடுத்தார்.

ஆனி பிறந்து மேல்காத்து ஆரம்பித்தால் இரண்டாவது நோட்டு போட வேண்டும். இந்தத் தடவை அம்மாவோடு மூன்று பேர் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தைக் கிழித்து வாங்கிக்கொண்ட அக்காவும் அதில் ஒருவர், பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் முடிந்துவிடும்.